வீட்டில் நான்கு வண்டிகள்: எல்லாவற்றையும் ஒரே பாலிசியில் சேர்க்க முடியுமா?

காட்பாடிவாசி:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறோம். அப்பாவின் பெயரில் 2017-இல் வாங்கிய 1197 சி.சி. காரும், என் மனைவி சத்துவாச்சாரியில் உள்ள பள்ளிக்கு வேலைக்குச் செல்லும் 110 சி.சி. ஸ்கூட்டரும் உள்ளன; ஸ்கூட்டரும் அப்பாவின் பெயரில்தான். 2022 ஆகஸ்டில் வாங்கிய என் 149 சி.சி. பைக் என் பெயரில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து லுங்கி மூட்டைகளை ஏற்றிவரும் சிறிய சரக்கு வண்டி தம்பியின் பெயரில் இருக்கிறது. நான்குக்கும் நான்கு ஏஜென்டுகள், நான்கு தேதிகள். சென்ற முறை ஸ்கூட்டரின் தேதியைத் தவறவிட்டு, ஏறத்தாழ ஒன்றரை மாதம் காப்பீடு இல்லாமலே ஓட்டியிருக்கிறோம் என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் பெரியம்மா மகன், தானும் மனைவியும் ஓட்டும் இரண்டு கார்களையும் ஒரே பாலிசியில் வைத்துத் தள்ளுபடியும் பெறுவதாகச் சொல்கிறார். நம் ஊரில் அதற்கு வழி உண்டா?

ஆற்காடு முகவர்:

வணக்கம் ஐயா. பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வடிவில் முடியாது. அங்கே குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு பாலிசி தருவார்கள், இங்கே ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் காப்பீட்டுதாரர். ஒரே தனிநபருக்குச் சொந்தமான கார்களையும் இரு சக்கர வாகனங்களையும் சேர்த்து எடுக்கும் ஃப்ளோட்டர் வசதிக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி அளித்தது. ஆனால் அது சொந்தச் சேதத்துக்கான காப்பில், அதாவது நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதியில் மட்டுமே பொருந்தும். எல்லா நிறுவனங்களும் அதை விற்பதில்லை. உங்கள் வீட்டில் அப்பாவின் காரும் ஸ்கூட்டரும் மட்டுமே அதற்குள் வரலாம். தம்பியின் சரக்கு வண்டி வணிக வாகனம், அதற்குத் தனிப் பாலிசிதான்.

தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான கட்டாயக் காப்பின் பிரீமியத்தில் தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள், ஏனெனில் அந்தத் தொகையை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, உங்கள் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், ஸ்கூட்டருக்கு 714 ரூபாய், வரி தனி. உங்கள் பைக் 2022-இல் புதிதாக வாங்கியது என்பதால், ஐந்து ஆண்டுத் தேர்டு பார்ட்டி அப்போதே கட்டப்பட்டிருக்கும். 2027 ஆகஸ்ட் வரை அதைத் தொட வேண்டியதில்லை. அதை அறியாமல் யாராவது "ஃபுல் இன்ஷூரன்ஸ்" என்று மொத்தமாகப் போட்டுக் கொடுத்தால், கட்டிய பணத்தையே மீண்டும் கட்டுவீர்கள்.

காட்பாடிவாசி:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் என் பைக்கையும் அப்பாவின் பெயருக்கு மாற்றிவிட்டு, மூன்றையும் சேர்த்து ஃப்ளோட்டரில் போடலாமா? அப்பாவுக்கு 71 வயது. ஓட்டுநர் உரிமம் காலாவதியான பின் அவர் புதுப்பிக்கவில்லை.

பாலாற்றங்கரை:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே உரியது. அதுவும் செல்லத்தக்க உரிமம் இருந்தால்தான். இப்போதே உங்கள் மனைவி அப்பாவின் பெயரில் உள்ள ஸ்கூட்டரை ஓட்டுகிறார். அவரிடம் உரிமம் இருக்கும்வரை வண்டிக்கான காப்பும் தேர்டு பார்ட்டியும் செல்லும். ஆனால் அவருக்கே ஏதாவது நேர்ந்தால் அந்த 15 லட்சம் கிடைக்காது. அப்பாவுக்கும் உரிமம் இல்லாததால், அவர் பெயரில் அதற்காகக் கட்டும் சில நூறு ரூபாயும் வீண். பைக்கை அப்பாவின் பெயருக்கு மாற்றினால் அதே ஓட்டையில் நீங்களும் விழுவீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்கூட்டரை மனைவியின் பெயருக்கு மாற்றுவேன்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. இரண்டு கார்களுக்கு இரண்டு ஏஜென்டுகளிடம் பாலிசி எடுத்திருந்தேன். ஒன்றில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு இருந்தது, மற்றொன்றில் இல்லை. எதில் இல்லையோ அந்தக் காரைத்தான் நான் அவசரத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். தண்ணீர் புகுந்திருந்த இன்ஜின் பழுதாகி, அதற்கான செலவு முழுவதும் என் கையிலிருந்துதான் போனது. அதன்பின் எல்லாப் பாலிசிகளையும் ஒரே ஏஜென்டிடம் மாற்றி, கூடுதல் காப்புகளை ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆற்காடு முகவர்:

பாலாற்றங்கரை நண்பர் சொன்னது முற்றிலும் சரி. நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி பற்றி நான் முன்பு எழுத மறந்துவிட்டேன். அது வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும். ஸ்கூட்டரை மனைவியின் பெயருக்கு மாற்றினால், அப்பா அதில் சேர்த்த போனஸ் உடன் வராது. மனைவி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய ஸ்கூட்டரின் சொந்தச் சேதப் பிரீமியமே சிறிது என்பதால், அந்த இழப்பைப் பெரிதாக எண்ண வேண்டாம். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பித்தால் போனஸ் போகாது. நீங்கள் தவறவிட்டது ஒன்றரை மாதம் என்பதால் தப்பித்தீர்கள். ஆனால் அந்த நாட்களில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தியிருந்தால், முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதம். விபத்து நேர்ந்திருந்தால் இழப்பீடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கும்.

பிற்காலத்தில் ஸ்கூட்டரோடு ஒரு காரும் மனைவியின் பெயரில் வந்தால், விபத்துக் காப்பை ஒரு பாலிசியில் மட்டும் எடுத்தால் போதும். அவர் பெயரில் உள்ள எல்லா வண்டிகளுக்கும் அதுவே செல்லும். மற்றதில் அதற்குப் பணம் கேட்டால் முதல் பாலிசியின் நகலைக் காட்டுங்கள்.

காட்பாடிவாசி:

இருவருக்கும் நன்றி. ஸ்கூட்டரின் பெயர் மாற்றத்துக்காக 29, 30 ஆகிய படிவங்களில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகம் செல்கிறோம். பெயர் மாறியதும் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பேன். மீதியுள்ள மூன்று வண்டிகளின் தேதிகளைச் சமையலறை நாட்காட்டியில் என் மனைவியே சிவப்பு மையால் குறித்துவிட்டார்.