புதுப்பிப்பு: அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தது

அம்மாவுக்குக் கண்புரை, தனியாரில் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போகச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. 1819-இல் தொடங்கிய இடம் அது.

எதிர்பாராதது ஒன்று: முதல் பரிசோதனையில் சர்க்கரை அதிகம். குறைந்த பிறகுதான் அறுவை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் தள்ளிப்போனது. சர்க்கரை உள்ளவர்கள் முன்பே பார்த்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் எல்லாம் சீராக நடந்தது. லென்ஸுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை. பயந்து நடுங்கிய அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்த செவிலியரை மறக்கவே முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, சொட்டு மருந்தை மூடியின் நிறத்தை வைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நேற்று தூரத்தில் வந்த பேருந்தின் எண்ணை அம்மாவே சொன்னார்.