தமுக்குச் சத்தம் நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

வண்ணைக் குமாஸ்தா:
எனக்கு அப்போது எட்டு வயது. பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். காலை பத்து மணி வாக்கில் தமுக்குச் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வராது என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று ஆயா குடத்தோடு வாசலுக்கு ஓடினார். வந்தது கோர்ட் அமீனா, அதாவது கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர். கூட, தோளில் தமுக்கு மாட்டிய ஒரு பெரியவர்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நின்றார்கள். பெரியவர் இரண்டு குச்சியால் அடித்து நிறுத்தினார், அமீனா காகிதத்தைப் படித்தார். இன்ன வழக்கில் இந்த வீடு ஜப்தி, விற்கவும் கூடாது, அடமானம் வைக்கவும் கூடாது. அதற்குள் தெருவே கூடிவிட்டது. கதவில் பசை தடவி நோட்டீஸை ஒட்டினார்கள். வெயிலில் வந்த பெரியவருக்கு, ஜப்தியான அந்த வீட்டு அம்மாவே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிற்காலத்தில் பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21-வது கட்டளை, 54-வது விதி. அசையாச் சொத்தை ஜப்தி செய்தால் தமுக்கடித்தோ வழக்கத்தில் உள்ள வேறு விதமாகவோ அந்த இடத்தில் அறிவிக்க வேண்டும், உத்தரவு நகலைச் சொத்திலும் கோர்ட்டிலும் ஒட்ட வேண்டும். ஆக, அந்த அவமானம் சட்டப்படியே நடந்தது! ஊருக்குத் தெரியாமல் வீட்டை யார் தலையிலாவது கட்டிவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. சரி, உங்கள் அனுபவம்?

மிண்ட் பக்கத்துக்காரி:
எனக்குத் தமுக்கு என்றாலே சினிமாதான் அண்ணா. ரிக்‌ஷாவில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, முன்னால் ஒருவர் டமாரம் அடிக்க, பின்னால் ஒருவர் பிட் நோட்டீஸை வீசிக்கொண்டே போவார். சாணித்தாள் மாதிரி மெல்லிசு. ரோஸ், மஞ்சள், பச்சை. ரோஸ் கிடைத்தால் எங்களுக்கு யோகம், எச்சில் தொட்டு உதட்டில் தேய்த்தால் லிப்ஸ்டிக்! கதையைப் பாதி சொல்லிவிட்டு "மீதி வெள்ளித்திரையில்" என்று முடித்திருப்பார்கள்.

மிண்ட்டில் முருகன் தியேட்டர் இருந்ததே, அதுதான் பழைய கினிமா சென்ட்ரல். முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31-ல் அங்கேதான் வெளியானது. அந்தத் தெருவில் பிறந்த எங்களுக்கு இதில் கொஞ்சம் திமிர் உண்டு.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
மணிமேகலையின் முதல் காதைக்கே பெயர் விழாவறை காதை. முரசறைபவன் யானைப் பிடரியில் முரசை ஏற்றி இந்திர விழாவை அறிவிக்கிறான். ஊர் வாழ்க, மழை பொழிக, அரசன் கோல் கோணாதிருக்க என்று வாழ்த்திவிட்டு, தெருவில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள் என்கிறான். குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று காலையில் வரும் மாநகராட்சி வண்டியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த யானை நினைவு வரும்.

தண்டையார்பேட்டை ரெண்டாவது தலைமுறை:
எல்லாரும் ரசித்து எழுதுகிறீர்கள், நல்லது. என் தாத்தா பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் தண்டோரா போட்டவர். ஊர்க்கூட்டம், ஏரி ஏலம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான் போக வேண்டும். உடம்பு சரியில்லை, வர முடியாது என்று சொல்ல முடியாது. கூலி என்று தனியாக எதுவும் இல்லை, அறுவடையில் கொடுக்கிற நெல்தான். எந்தச் சாதிக்காரர் அந்த வேலை செய்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தமுக்கைத் தொடவே கூடாது என்று முடிவெடுத்து, ஹார்பரில் மூட்டை தூக்க இங்கே வந்தார்.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு கலெக்டர்களுக்கு எழுதினாரே, தண்டோரா இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள், மீறினால் கடும் நடவடிக்கை என்று. அன்று அப்பா அந்தச் செய்தியை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். உங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் தாத்தாவின் தோள்பட்டையில் வார் அறுத்த தழும்புதான் நினைவிருக்கிறது.

குமாஸ்தா அண்ணா, ஒன்று கேட்கலாமா? அந்த அம்மா சொம்பைப் பெரியவர் கையில் கொடுத்தாரா, இல்லை ஊற்றினாரா?

வண்ணைக் குமாஸ்தா:
தம்பி, நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். யோசித்துவிட்டு எழுதலாம் என்று விட்டேன்.

ஊற்றினார். பெரியவர் குச்சி இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, கையைக் குவித்துக் குடித்தார். மீதித் தண்ணீரை அந்த அம்மா சாக்கடையில் கொட்டினார். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.