தொடக்க நிலை ஜப்பானிய மொழி: இரசித்து வாசிக்க எதை எடுப்பது?

கேள்வி: தலவாக்கலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். ஒரு வருடமாகச் சனி, ஞாயிறு தினங்களில் ஹட்டனுக்குச் சென்று ஜப்பானிய மொழி படித்து வருகிறேன். 'மின்னா நொ நிஹொங்கோ' பாடப் புத்தகத்தின் முதற் பாகத்தில் உள்ள 25 பாடங்களும் முடிந்துவிட்டன. ஹிரகானா, கத்தகானா என்ற இரு ஒலியெழுத்து வகைகளையும் தடுமாறாமல் வாசிப்பேன். சீனத்திலிருந்து வந்த, பொருளைக் காட்டும் கான்ஜி எழுத்துகளில் நூற்றுச் சொச்சம் தெரியும்.

பாடப் புத்தகத்தைத் தாண்டி எதையாவது விருப்பத்தோடு வாசிக்க வேண்டும் என்ற ஆசையில், ஜப்பானிலிருந்து விடுமுறையில் வந்திருந்த உறவினர் ஒருவரிடம் ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தை வாங்கி வந்தேன். முழுவதும் ஹிரகானாவில் இருந்ததால் எளிதாக இருக்கும் என்று நம்பினேன். மூன்று இரவுகளில் இரண்டு பக்கங்கள்தான் நகர்ந்தன. எந்தச் சொல் எங்கே முடிகிறது என்பதே பிடிபடவில்லை. கொப்பியில் ஆங்கில அர்த்தங்கள் நிறைந்தனவே தவிர, கதை என்னவென்று இன்னும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பில் விளக்கம் சிங்களத்தில் நடக்கிறது, குறிப்புகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. இரண்டு மொழிகளைக் கடந்துதான் நான் தமிழுக்கு வந்து சேர்கிறேன். அந்தக் களைப்பிலேயே பாதி ஆர்வம் போய்விடுகிறது.

என் நிலைக்கு ஏற்ற, சுவையான வாசிப்பு எங்கே கிடைக்கும்? எங்கள் லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தாங்கிக்கு மேலே உள்ள மேட்டுக்குப் போனால்தான் டேட்டா வேலை செய்யும். ஆகவே ஒரு முறை தரவிறக்கி வைத்துக்கொண்டு வாசிக்கக் கூடியதாக இருந்தால் நல்லது.

பதில் 1: பண்டாரவளை ஆசிரியர்

தங்கை, குறை உங்களிடம் இல்லை, நீங்கள் எடுத்த புத்தகத்தில்தான் இருக்கிறது. சிறுவர் புத்தகம் என்றால் எளிது என்று எண்ணி ஏமாறாத மாணவரை நான் இதுவரை கண்டதில்லை. ஆறு வயது ஜப்பானியக் குழந்தை புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஆயிரக்கணக்கான சொற்களைக் காதால் கேட்டுப் பழகியிருக்கிறது. அதற்குத் தேவைப்படுவது எழுத்து மட்டுமே. உங்களுக்கோ எழுத்து தெரியும், சொல் தெரியாது. முழு ஹிரகானாவும் உங்களுக்கு உதவியாக இராது. 'ஹஷி' என்று எழுதியிருந்தால் அது பாலமா, சாப்பிடும் குச்சியா? 'காமி' என்றால் காகிதமா, தலைமுடியா, கடவுளா? கான்ஜியில் எழுதியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவீர்கள். ஆகையால் நீங்கள் தேட வேண்டியது, கான்ஜியும் அதன் தலைக்கு மேல் 'ஃபுரிகானா' எனப்படும் சிறிய உச்சரிப்பு எழுத்தும் சேர்ந்திருக்கும் பிரதியைத்தான்.

கற்போருக்கென்றே எழுதப்பட்ட படிநிலை வாசிப்பு நூல்களில் தொடங்குங்கள். 'தாதோக்கு' என்றால் நிறைய வாசித்தல். அந்தப் பெயரிலேயே ஜப்பானில் இலாப நோக்கற்ற அமைப்பொன்று இயங்குகிறது. அதன் இணையத்தளத்தில் பல சிறு புத்தகங்கள் இலவசமாகப் பி.டி.எஃப். வடிவில் கிடைக்கின்றன. பூச்சிய நிலையில் பக்கத்துக்கு ஒரு படமும் ஓரிரு வரிகளும்தான் இருக்கும். முதல் நிலை சுமார் 350 சொற்களுக்குள் எழுதப்பட்டிருக்கும். இரண்டில் 500, மூன்றில் 800 என்று ஏறி ஐந்தாம் நிலையில் 2000 வரை போகும். நீங்கள் 25 பாடங்கள் முடித்திருந்தாலும், வெட்கப்படாமல் பூச்சியத்திலிருந்தே தொடங்குங்கள்.

அவர்கள் சொல்லும் விதிகள் நான்கு: எளிதானதில் தொடங்க வேண்டும், அகராதியைத் தொடக்கூடாது, புரியாத இடத்தைத் தாண்டிப் போக வேண்டும், சரிவரவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். வரிக்கு வரி அர்த்தம் எழுதிப் பழகிய நமக்கு இரண்டாவது விதிதான் பெரும் கஷ்டம். படத்தைப் பார்த்து ஊகியுங்கள், கொப்பியை மூடி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பதிப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் 'அஒசோரா புன்கோ' தளத்தை யாரேனும் உங்களுக்குச் சிபாரிசு செய்வார்கள். அங்கே நீமி நன்கிச்சி 1932இல் வெளியிட்ட 'கோன்' என்ற நரியின் கதை இருக்கிறது. ஜப்பானிய நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் கதை அது. முடிவில் கண் கலங்கும். ஆனால் பழைய கிராமத்துச் சொற்கள் நிறைந்தது. அதை இரண்டு வருடங்கள் கழித்துத் திறந்து பாருங்கள்.

பதில் 2: மஸ்கெலியாவிலிருந்து ஷிசுஒக்கா வரை

ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் இங்கே ஜப்பானின் ஷிசுஒக்காவில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். எனக்கு வாசிப்பு வசப்பட்டது, ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்ட பிறகுதான். அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

'கினோ கத்த ஹொன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் வரிசை முழுவதையும் தலைகீழாக்க வேண்டும். தமிழில் 'நேற்று வாங்கிய புத்தகம்', சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'அஷ்தா குரு தொ இயிமஷ்தா' என்றால் 'நாளை வருவேன் என்று சொன்னார்'. அந்தத் 'தொ' நம்முடைய 'என்று' நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. இன்னும் வியப்பானவை துணைவினைகள். 'தபெத்தே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது; 'மிரு' என்ற சொல்லுக்குத் தனியாகவும் பார்த்தல் என்றே பொருள். 'கத்தே ஒக்கு' என்றால் வாங்கி வைப்பது. 'ஒக்கு' என்றால் வைத்தல். மறந்து போனதை 'வசுரெத்தே ஷிமத்தா' என்பார்கள், நாம் 'மறந்துவிட்டேன்' என்பதைப் போல. என் வகுப்பில் இவற்றுக்கு ஒரு பக்க ஆங்கில விளக்கம் தந்தார்கள். தமிழில் ஒரு சொல் போதுமாக இருந்தது.

என்னோடு தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்து நண்பருக்கு இன்னொரு வசதியும் உண்டு. 'கொரே, சொரே, அரே' மூன்றும் அவருக்கு 'இது, உது, அது'. கேட்பவர் பக்கத்தில் இருக்கும் பொருளைக் குறிக்கும் 'உது' மலையகத்தில் நம் நாவில் இல்லாததால், நான் அவரிடமிருந்துதான் அதைக் கற்றேன்.

ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் வந்த வரிசையிலேயே தமிழில் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வாசியுங்கள். இரண்டு மொழிகளும் ஒரே குடும்பமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. வாசிப்பவருக்கு வாக்கிய ஒழுங்கு ஒத்துப் போனால் போதும்.

மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகள் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். 2003 முதல் வெளிவரும் அசுமா கியோஹிக்கோவின் 'யொட்சுபாதோ' ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் அன்றாடக் குறும்புகளைச் சொல்கிறது. சண்டையோ மாயமோ இல்லாததால் சொற்களும் வீட்டுச் சொற்களாகவே இருக்கும். ஆனால் பாத்திரங்கள் பாடத்தில் வரும் மரியாதை முடிவுகளான 'தெஸ், மஸ்' என்று முடிக்காமல் வீட்டுப் பேச்சில் பேசுவார்கள். ஆகையால் படிநிலை நூல்கள் இருபது, முப்பது முடிந்த பிறகு எடுங்கள். மாங்காவின் ஒலிச் சொற்களைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை நம் இரட்டைக்கிளவியின் சகோதரங்கள். நெஞ்சு நமக்குப் 'படபட' என்றால் அவர்களுக்குத் 'தொக்கி தொக்கி'. கொட்டும் மழைக்கு 'ஸா ஸா', நம் மலையில் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும் தூறலுக்கு 'ஷித்தோ ஷித்தோ'.

பதில் 3: பதுளை வாசகன்

கதை வாசிப்பது நல்லதுதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் ஜப்பானில் வேலை செய்வதற்கான எஸ்.எஸ்.டபிள்யூ. விசாவுக்காகவே படிக்கிறார்கள். அதற்கு ஜே.எஃப்.டி. பேசிக் அல்லது ஜே.எல்.பி.டி. என் 4 என்ற ஜப்பானிய மொழிப் பரீட்சையில் சித்தி தேவை. அவர்கள் கதை நரியோடு நேரத்தைச் செலவிடலாமா? ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் 'இரோதோரி' பாடநூலில் கடை அறிவிப்பு, குப்பை போடும் நாள் அட்டவணை, நண்பர் அனுப்பிய குறுஞ்செய்தி என்று வாழ்க்கைக்குத் தேவையானவை இருக்கின்றன. அதன் ஒலிப்பதிவுகளையும் தரவிறக்கலாம்.

பண்டாரவளை ஆசிரியர்

'இரோதோரி' நல்ல நூல், மறுக்கவில்லை. ஆனால் அதை நாளுக்கு நான்கு பக்கம் விருப்பத்தோடு வாசிக்கும் மாணவர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். பரீட்சைத் தாளில் நேரம் போதாமல் போவது, வாசிப்பு வேகம் இல்லாததால்தான். அந்த வேகம் எளிய கதைகளை அள்ளி அள்ளி வாசிப்பதால் வரும். காலையில் அது, இரவில் இது என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

தலவாக்கலை மாணவி (மூன்று வாரங்களுக்குப் பின்)

எல்லோருக்கும் நன்றி. மேட்டில் நின்று பதினெட்டுச் சிறு புத்தகங்களைத் தரவிறக்கினேன். தொலைபேசித் திரையில் ஃபுரிகானா மிகவும் சிறியதாகத் தெரிந்ததால், நான்கை மட்டும் டவுன் கடையில் அச்சிட்டு நடுவில் தைத்துக்கொண்டேன். பூச்சிய நிலையில் பன்னிரண்டு முடிந்துவிட்டன. ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. முதல் மூன்று நாட்கள் அகராதியை நோக்கிக் கை போனது உண்மை.

வகுப்புக் குறிப்பொன்றில் 'ச்சாட்சுமி' என்ற சொல்லைக் கண்டேன். 'ச்சா' தேயிலை என்று தெரியும், 'ட்சுமி' தெரியாது. அகராதியைத் திறக்காமல் கூடவே இருந்த படத்தைப் பார்த்தேன். தொப்பி அணிந்த பெண்கள், இடுப்பில் கூடை. அம்மாவிடம் காட்டினேன். "கூடையை இடுப்பில் கட்டினால் மேட்டில் எப்படி ஏறுவார்கள்?" என்று கேட்டார். ஷிசுஒக்காவில் இருக்கும் அண்ணன்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து ஷிசுஒக்கா வரை

'ச்சாட்சுமி' என்றால் கொழுந்து பறித்தல்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே பெரும்பாலும் இயந்திரம்தான் கொழுந்து வெட்டுகிறது. செடி வரிசையின் இரு பக்கமும் இருவர் நின்று பிடித்துக்கொண்டு நடப்பார்கள். இடுப்புக் கூடையோடு கையால் எடுப்பதை மே மாதத்து முதல் கொழுந்துக் காலத்தில், பெரும்பாலும் விழாக்களில்தான் பார்க்கலாம். முதல் நிலைக்கு எப்போது போகப் போகிறீர்கள்?