பழைய கல்யாண வீடியோக்களை எச்.265-க்கு மாற்றிவிட்டு ஒரிஜினலை அழிக்கலாமா?

கேள்வி:
அக்கா கல்யாணம் 2001-ல், மூன்று விசிடி. அண்ணன் கல்யாணம் 2009-ல், இரண்டு டிவிடி. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டேன், விசிடியின் டாட் கோப்புகளும் டிவிடியின் 1 ஜிபி 1 ஜிபியான விஓபி துண்டுகளுமாக மொத்தம் 11 ஜிபி பக்கம் வருகிறது. எச்.265 அல்லது ஏவி1 என்ற புது வீடியோ சுருக்க முறைக்கு மாற்றினால் இடமும் மிச்சம், படமும் தெளிவாகும் என்கிறார் நண்பர். அம்மா டிவியில் பென்டிரைவ் செருகித்தான் பார்ப்பார். என்ன செய்யலாம்?

பதில் 1:
தயவுசெய்து அழிக்காதீர்கள். விசிடி என்பது எம்பெக்-1 என்ற பழைய சுருக்க முறை, படம் வெறும் 352×288, வீடியோவுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட்தான். ஹோமப் புகையிலும் புடவைச் சரிகையிலும் கட்டம் கட்டமாகத் தெரியுமே, புது கோடெக் (சுருக்க முறை) அந்தக் கட்டங்களையும் படம் என்றே நினைத்துப் பதிவு செய்யும், தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் விவரத்தையும் தின்றுவிடும். போன தெளிவு எந்த ஃபார்மட்டிலும் திரும்ப வராது. 11 ஜிபிக்காக இதைச் செய்ய வேண்டாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் விஓபி துண்டுகளாகவே வைத்திருக்கவும் வேண்டாம். மேக்எம்கேவி என்ற மென்பொருளில் போட்டால் உள்ளே இருக்கும் எம்பெக்-2 வீடியோவைத் தொடாமல் ஒரே எம்கேவி கோப்பாக்கித் தரும், தரம் துளியும் குறையாது, சில நிமிட வேலைதான். அது உங்கள் ஒரிஜினல். அம்மாவுக்குத் தனியாக ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 (எச்.265-க்கு முந்தைய முறை) எம்பி4 எடுங்கள், தர எண் 18 அல்லது 20. டிவிடி பெரும்பாலும் இன்டர்லேஸ்டு (ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிந்த படம்), அதனால் அதைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் யாராவது கையை அசைத்தாலே சீப்புப் பல் மாதிரி கோடு விழும். எச்.264 வந்தது 2003-ல், பழைய டிவிகளும் பெரும்பாலும் ஓட்டிவிடும். ஏவி1 2018-ல்தான் வந்தது, புது டிவி இல்லையென்றால் ஓடாது. அப்புறம், பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தது என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டாட் கோப்பை என்ன செய்வது? தட்டுகளைத் தூக்கிப் போடலாமா?

பதில் 1:
டாட் உள்ளே இருப்பதும் எம்பெக்-1தான், விஎல்சியில் அப்படியே ஓடும், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் மறுசுருக்கம் இல்லாமல் எம்பிஜி ஆக்கிக்கொள்ளலாம். தட்டுகளை இப்போதைக்கு வைத்திருங்கள். டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தம் விசிடியின் வீடியோ பகுதியில் கிடையாது, அந்த இடத்திலும் வீடியோவையே நிரப்பியிருப்பார்கள், அதனால் சின்னக் கீறலே காப்பியில் படத்தைக் கெடுத்திருக்கலாம். மூன்று விசிடி காப்பியையும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள், எங்காவது உடைந்திருந்தால் வேறொரு டிரைவில் போட்டு அந்தத் தட்டை மட்டும் திரும்ப எடுங்கள்.