ஸ்டேட்டிக் மார்ஜின்: ‘நிலைப்பிடை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டில் விமானம் கட்டுவோருக்கான கையேட்டுக்காக, ‘ஸ்டேட்டிக் மார்ஜின்’ என்பதற்கு ‘நிலை விளிம்பு’, ‘நிலைத்த இடைவெளி’ ஆகிய இரு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

நிறைமையத்துக்கும் நடுநிலைப் புள்ளிக்கும் (மூக்கு நிமிரும்போது கூடும் ஏற்றம், அதாவது மேல்தூக்கும் விசை, செயல்படும் இடம்) இடையிலான தொலைவை இறக்கையின் சராசரி நாண் நீளத்தால் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான நீளம்) வகுத்து, விழுக்காட்டில் சொல்வதே ஸ்டேட்டிக் மார்ஜின். விளையாட்டின் கட்டுமானக் கொட்டகையில் நிறைமையம் மஞ்சள் உருண்டையாகவும் ஏற்ற மையம் நீல உருண்டையாகவும் தெரியும்; நடுநிலைப் புள்ளியின் வேலையை நடைமுறையில் அந்த நீல உருண்டையே செய்கிறது. நீலம் சற்றுப் பின்னால் இருந்தால், மூக்கு நிமிரும்போது எழும் கூடுதல் ஏற்றம் வாலைத் தூக்கி மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அது மஞ்சளுக்கு முன்னால் போய்விட்டாலோ, அதே ஏற்றம் மூக்கை மேலும் நிமிர்த்தி விமானத்தைக் கவிழ்த்துவிடும்.

இதில் ‘நிலைத்த’ என்று சொல்ல எதுவுமே இல்லை. கனமான எஞ்சின்கள் வாலில் இருக்க, முன்தொட்டிகள் காலியாகக் காலியாக மஞ்சள் உருண்டை பின்னோக்கி நகர்கிறது. ஓடுபாதையிலிருந்து ஒழுங்காக எழும்பிய விமானம் பாதி வழியில் குட்டிக்கரணம் அடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பறக்கும் முன்பே கொட்டகையில் தொட்டிகளின் எரிபொருளைச் சுழியத்துக்குக் குறைத்து, மஞ்சள் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

‘விளிம்பு’ என்பதோ ஓரத்தைக் குறிக்கும் சொல். இங்கே பேசப்படுவது இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடம். ‘காப்பு’ என்ற சொல்லைச் சேர்க்கலாம் என்ற யோசனையையும் நான் ஏற்கத் தயங்குகிறேன், ஏனெனில் கூடக் கூட நல்லது என்ற எண்ணத்தை அது தந்துவிடும். இந்த இடைவெளி மிகுந்தால் மூக்கு கனத்து, அதைச் சமன்செய்ய வால் கீழ்நோக்கி அழுத்த வேண்டியிருக்கும். அந்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கை சுமக்க வேண்டியிருப்பதால் இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, ஏறிவிடும். கான்கார்டு பயணிகள் விமானம் ஒலியின் வேகத்தைக் கடக்கையில் ஏற்றத்தின் மையம் பின்னே நகர்ந்ததால், எரிபொருளைப் பின்தொட்டிகளுக்கு இறைத்து நிறைமையத்தையும் பின்னே கொண்டுபோனார்கள். கட்டுப்பாட்டுப் பரப்புகளை வளைத்தே சரிசெய்திருந்தால் இழுவை கூடியிருக்கும்.

எனவே ‘நிலைப்பிடை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நிலைப்புக்கு உரிய இடை என்பது பொருள். பட்டியலிலும் பொத்தானிலும் அடங்கும் அளவுக்குச் சிறியது. ‘இடை’ என்றதும் இடுப்பு நினைவுக்கு வருமே என்று கேட்பவர்கள், ‘இடைவேளை’யில் அப்படி யாரும் குழம்பியதில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம். எஃப்-16, தேஜஸ் ஆகிய போர் விமானங்களைப் போன்று வேண்டுமென்றே நிலைப்பைத் தளர்த்தி, கணினியின் துணையோடு பறக்கும் விமானங்களைப் பற்றிப் பேசும்போது, அளவு சுழியத்துக்குக் கீழே போவதை ‘எதிர் நிலைப்பிடை’ எனலாம். ‘குறை நிலைப்பிடை’ என்றால் அளவு கொஞ்சம் என்று படிக்கப்பட்டுவிடும்.

வால் அழுத்தத்தால் வரும் ‘டிரிம் டிராக்’ என்பதைச் ‘சமன்செய் இழுவை’ எனலாம் என்று தோன்றுகிறது. பாடநூல்களில் கயிற்றின் ‘இழுவிசை’ ஏற்கெனவே இருப்பதால், ‘டிராக்’ வரும் எல்லா இடங்களிலும் ‘இழுவை’ என்றே எழுதி, ‘விசை’யை அதனோடு ஒட்டாமல் விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்போ மாற்றுச் சொல்லோ இருப்பின் தெரிவியுங்கள்.

அன்புடன்.