ஒலிம்பஸ் தெய்வங்களைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆக்கலாமா?

தீக்குச்சி
போன வாரம் நூலகத்தில் இளையோர் ஃபேன்டஸி அலமாரி முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். பின்னட்டையைப் படிக்கப் படிக்க மனசு சுருங்கிவிட்டது. ஒன்றில் கிரேக்கர்களின் பாதாள தெய்வம் ஹேடிஸ் கறுப்பு ஜாக்கெட் போட்ட கடைசி பெஞ்ச் பையன். இன்னொன்றில் காதல் தெய்வம் அப்ரோடைட்டி பள்ளியின் அழகி, போர்த் தெய்வம் ஏரிஸ் கால்பந்து கேப்டன். தெய்வங்கள் எல்லாருக்கும் பதினாறு வயசு, எல்லாருக்கும் காதல் குழப்பம்.

நான் இதை எதிர்க்கிறேன். கிரேக்கர்கள் இந்தத் தெய்வங்களுக்குப் பயந்தார்கள். நயோபி என்ற ராணி, "லீட்டோவுக்கு ரெண்டே பிள்ளை, எனக்குப் பன்னிரண்டு" என்று பெருமை பேசினாள். அந்த ரெண்டு பிள்ளைகளும் வந்தார்கள். அப்பல்லோ ஆறு மகன்களையும் ஆர்ட்டெமிஸ் ஆறு மகள்களையும் அம்பெய்து கொன்றார்கள். ஒன்பது நாள் அந்தப் பிணங்கள் புதைக்க ஆளில்லாமல் கிடந்தன என்கிறது ஹோமரின் இலியட், 24ஆம் காண்டத்தில். இந்த அப்பல்லோவுக்குக் கணக்குப் பரீட்சை பயத்தைக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

ஆமையோட்டுயாழ்
அண்ணே, நீங்க சொன்ன நயோபி கதையையே எடுத்துக்குவோம். அம்மாவை ஒருத்தி இளப்பமா பேசினதும் யோசிக்காம வில்லைத் தூக்கிட்டு ஓடி வர்ற ரெட்டைப் பிள்ளைங்க. அது நடுவயசுக்காரங்க கோபமா?

தெய்வங்களைச் சின்னப் பிள்ளைகளாப் பார்த்தது கிரேக்கர்களேதான். ஹோமர் பேரில் வழங்குற ஹெர்மிஸ் துதியைப் படிங்க. விடியக்காலையில பிறக்கிறான். மதியத்துக்குள்ள குகை வாசல்ல ஊர்ந்துபோன ஆமையைப் பிடிச்சு, ஓட்டைக் குடைஞ்சு, ஆட்டுக்குடல் நரம்பு கட்டி யாழ் செஞ்சு வாசிக்கிறான். அன்னிக்கு ராத்திரியே அண்ணன் அப்பல்லோவோட அம்பது மாட்டைத் திருடுறான். தடம் தெரியக் கூடாதுன்னு மாடுகளைப் பின்பக்கமா நடக்கவிட்டு, தன் காலுக்கு இலைதழையில செருப்புப் பின்னிக்கிறான். அப்புறம் ஒண்ணும் தெரியாத பிள்ளையாட்டம் தொட்டில்ல துணியைச் சுத்திக்கிட்டுச் சுருண்டுக்கிறான். அப்பல்லோ வந்து மிரட்டுனா, "நான் நேத்துதானே பிறந்தேன், மாடுன்னா என்னன்னு காதால கேட்டதோட சரி"ங்கிறான். தெய்வங்களோட ராஜா ஜீயஸ் முன்னாடி வழக்குப் போகுது. அப்பன்காரர் வாய்விட்டுச் சிரிக்கிறார்.

இலியட் 21ல ஜீயஸோட மனைவி ஹீரா, ஆர்ட்டெமிஸோட கை ரெண்டையும் ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, அவ வில்லாலேயே காதுல அறையுறா. ஆர்ட்டெமிஸ் அழுதுகிட்டே ஓடிப்போய் அப்பா மடியில உக்காந்துக்கிறா. இதை விடவா ஒரு நாவல் அவளைச் சின்னப் பொண்ணா காட்டிட முடியும்?

பழைய ஏடு
இருவருக்கும் வணக்கம். நான் இந்தத் துதிப்பாடல்களை நாற்பது ஆண்டுகளாக வாசித்து வருபவன். ஆமையோட்டுயாழ் சொன்ன சான்றுகள் எல்லாம் சரி. ஆனால் அவை குழந்தைகளைப் பற்றியவை. கேள்வி பதின்பருவம் பற்றியது.

அப்பல்லோ டெலோஸ் தீவில் பிறந்ததும் நீதித் தெய்வமான தெமிஸ் அவன் வாயில் அமுது ஊட்டுகிறாள். உடனே சுற்றியிருந்த துணிக்கட்டு அறுந்து விழுகிறது. "யாழும் வளைந்த வில்லும் எனக்குரியவை, ஜீயஸின் திருவுளத்தை மனிதர்க்கு உரைப்பேன்" என்று சொல்லி நடக்கத் தொடங்கிவிடுகிறான். அதீனா ஜீயஸின் தலையிலிருந்து கவசத்தோடு வந்தவள். குழந்தை, அடுத்த கணம் முழுத் தெய்வம். தயங்குகிற, தடுமாறுகிற நடுப்படி அங்கே இல்லவே இல்லை. இல்லாத படியைக் கட்டிவிட்டு அதைப் பழங்கதை என்று பெயரிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆமையோட்டுயாழ்
ஐயா, நடுப்படி இருக்கு. ஒடிசி பத்தாம் காண்டத்துல, சூனியக்காரி கிர்க்கியோட வீட்டுக்குப் போற வழியில ஒடிசியஸ் முன்னாடி ஹெர்மிஸ் வந்து நிக்கிறான். எப்படி? அப்பத்தான் அரும்பு மீசை விட்ட பையனா. அந்த வயசுதான் வயசுலேயே அழகான வயசுன்னு ஹோமர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்றார். இலியட் 24ல டிராய் ராஜா பிரியாம் கிழவருக்கு வழிகாட்ட வரும்போதும் அதே அரும்பு மீசை, அதே வரி. துதிப்பாட்டுல மதுத் தெய்வம் டயோனிசஸ் கடலோரப் பாறையில நிக்கிறப்போவும் அப்படித்தான். கருங்கூந்தல் ஆட, ஊதா நிறப் போர்வையோட, இப்பத்தான் வயசுக்கு வந்த பையன் மாதிரி.

தீக்குச்சி
நீங்களே சொல்லிவிட்டீர்கள், "மாதிரி". அது வேஷம். போட்டுக்கொண்ட முகம்.

அந்த டயோனிசஸ் துதியை இன்னும் நாலு வரி மேலே போய்ப் படியுங்கள். யாரோ ராஜா வீட்டுப் பையன், பணயத்தொகை கிடைக்கும் என்று கொள்ளைக்காரர்கள் அவனைப் பிடித்துக் கப்பலில் கட்டுகிறார்கள். கட்டு நிற்கவில்லை, கை காலிலிருந்து கழன்று கழன்று விழுகிறது. அவன் கோபப்படவில்லை. உட்கார்ந்து, கருவிழியால் சிரிக்கிறான். சுக்கான் பிடிப்பவன் ஒருவனுக்கு மட்டும் வயிறு கலங்குகிறது, "இவன் மனுஷன் இல்லை, இறக்கி விட்டுவிடுங்கள்" என்கிறான். யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாய்மரத்தில் திராட்சைக்கொடி படர்கிறது, தளத்தில் மது ஓடுகிறது, பையன் சிங்கமாகிறான். கடலில் குதித்தவர்கள் எல்லாம் டால்ஃபின்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இங்கே சண்டை போடுகிறேன். நான் புரட்டிய எந்தப் பள்ளிக்கூட நாவலிலும் அது இல்லை. அங்கே தெய்வத்துக்கு நம்மைப் போலவே வியர்க்கிறது, அவ்வளவுதான்.

எட்டாம்வகுப்பு அம்மா
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குப் பதின்மூன்று. இந்தப் புத்தகங்கள் எங்கள் வீட்டில் ஒரு அடுக்கு இருக்கின்றன. அவளுக்குப் பிடித்தது ஹேடிஸ்-பெர்சிஃபோனி காதல்கதை. எனக்கு வயசைப் பற்றிப் புகார் இல்லை. வேறு ஒன்று இருக்கிறது.

சென்ற மாதம், பெர்சிஃபோனியின் அம்மா டெமீட்டரைப் பற்றிய துதியின் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, வரிவரியாகத் தமிழில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். மூன்று ராத்திரி ஆனது. பெர்சிஃபோனி தோழிகளோடு பூப்பறிக்கிறாள். நார்சிசஸ் பூவுக்கு இரண்டு கையையும் நீட்டுகிறாள், தரை பிளக்கிறது, தேர் வருகிறது. அவள் அலறுகிறாள். மலையுச்சியும் கடலடியும் எதிரொலிக்கிறது. அப்பா ஜீயஸ்தான், தன் அண்ணன் ஹேடிஸுக்கு அவளைத் தருவதாகப் பேசி முடித்தவர். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டெமீட்டர் ஒன்பது நாள் சாப்பிடாமல், குளிக்காமல், கையில் தீவட்டியோடு பூமி முழுக்கத் தேடுகிறாள்.

கடைசியில் மகள் திரும்பி வருகிறாள். கட்டிப்பிடித்திருக்கும்போதே மனசில் பயம் தட்டி அம்மா கேட்கிறாள்: "அங்கே ஏதாவது சாப்பிட்டியா?" இதைப் படிக்கும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. மாதுளை விதையை ரகசியமாகக் கொண்டுவந்து, விருப்பமில்லாமல் பலவந்தமாகச் சாப்பிட வைத்தான் என்று மகள் சொல்கிறாள். அதனால்தான் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் கீழே இருந்தாக வேண்டும்.

என் மகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "என் புக்குல அவளே ஆசைப்பட்டு சாப்பிடுவா. இவ கத்தினதை யாரும்மா எடுத்தாங்க?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். பழைய ஏதென்ஸில் பதினான்கு, பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண்களின் கதை இது. பெர்சிஃபோனி பதின்வயதுப் பெண்தான், அதை யாரும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவள் குரலை ஏன் எடுக்க வேண்டும்?

ஆமையோட்டுயாழ்
அக்கா, நீங்க சொன்னது நெஞ்சுல தைக்குது. இருந்தும் ஒண்ணு சொல்றேன். அந்தத் துதியில பெர்சிஃபோனிக்குத் தேர்ந்தெடுக்கிற இடமே கிடையாது. அப்பா குடுக்கிறார், பெரியப்பா தூக்கிட்டுப் போறார், அம்மா மீட்கிறா. இன்னிக்கு எழுதுற பொண்ணுங்க அவ கையில ஒரு முடிவைக் கொடுக்கணும்னு தவிக்கிறாங்க. "நானே போனேன், நானே ராணியானேன்"னு அவ சொல்றதுல ஒரு பதிமூணு வயசுப் பொண்ணுக்குக் கிடைக்கிற தைரியம் பொய்யில்லை.

எட்டாம்வகுப்பு அம்மா
தைரியம் பொய்யில்லை, ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. ஆனால் முடிவை அவள் கையில் கொடுப்பதற்காகத் தூக்கிக்கொண்டு போனவனை நல்ல பையனாக்கி, தேடி அலைந்த அம்மாவைத் தொந்தரவு பிடித்த அம்மாவாக்க வேண்டுமா? நான் பார்த்த மூன்று புத்தகத்தில் டெமீட்டர்தான் வில்லி. அலறலை வைத்துக்கொண்டே அவளை ராணியாக்கட்டும். அந்தப் புத்தகத்தை நானே வாங்கித் தருவேன்.

தீக்குச்சி
இதில் நான் அக்கா பக்கம்.

முதல்நாவல்
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இருபது வயசு. நான் எழுதிட்டிருக்கிறதே இந்த மாதிரி நாவல்தான், அதனால பயந்துகிட்டேதான் எழுதுறேன். இன்றைய ஏதென்ஸ், பதினஞ்சு வயசு அதீனா. நாலாவது அத்தியாயத்துல நின்னுபோச்சு. ஒரு பத்தி போடறேன்:

"டீச்சர் கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள அதீனா பதிலைச் சொல்லிவிட்டாள். வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டாள். தனியாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது."

அவ தப்பே பண்ண மாட்டேங்கிறா. எதுக்கும் அழ மாட்டேங்கிறா. கதை நகரவே மாட்டேங்குது. பழைய ஏடு ஐயா சொன்ன மாதிரி, அவளுக்குப் பிள்ளைப்பருவமே இல்லாததுதான் காரணமா?

பழைய ஏடு
தம்பி, உன் பத்தியைப் படித்ததும் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். நான் மேலே சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. திருத்திக்கொள்கிறேன்.

அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பு நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு சிறிய கதை வருகிறது. பிறந்த அதீனாவைக் கடல் தெய்வம் ட்ரைட்டன் வளர்த்தார். அவருக்குப் பல்லாஸ் என்று ஒரு மகள். இரண்டு பெண்களும் போர்ப்பயிற்சி செய்வார்கள். ஒருநாள் விளையாட்டு முற்றிப்போய், பல்லாஸ் அடிக்க ஓங்கினாள். மேலிருந்து பார்த்த ஜீயஸ் பயந்து, தன் கேடயத்தை நடுவில் நீட்டினார். பல்லாஸ் திடுக்கிட்டு மேலே நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரத்தில் அதீனாவின் அடி விழுந்தது. பல்லாஸ் இறந்துபோனாள்.

அதீனா தோழியின் உருவத்தை மரத்தில் செதுக்கி, பல்லாஸைத் திடுக்கிட வைத்த அதே கேடயத்தை அதன் மார்பில் அணிவித்தாள். பின்னாளில் டிராய் நகரத்தைக் காத்த சிலை அதுதான் என்கிறது கதை. பல்லாஸ் அதீனா என்ற பெயருக்கும் இதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. நடுப்படி இல்லை என்றேன். ஒரு படியாவது இருந்திருக்கிறது, அதில் ரத்தம் இருக்கிறது.

முதல்நாவல்
ஐயா. எனக்குக் கை நடுங்குது. அவ தனியா சாப்பிடறதுக்குக் காரணம் இதுதான்.

தீக்குச்சி
பழைய ஏடு ஐயாவுக்கு நன்றி. என் நிலையை இன்னும் கூர்மையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பதின்வயசு என்றால் கடந்து போகிற வயசு. அடுத்த வருஷம் குரல் மாறும், வேறு ஆளாகிவிடுவோம். தெய்வத்தின் வயசு கடந்து போகாது. அப்பல்லோவுக்கு என்றைக்கும் தாடி முளைக்காது. கடக்காத வயசை வைத்து வளர்கிற கதை எழுத வரும்போதுதான் இந்த நாவல்கள் சறுக்குகின்றன.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ரிக் ரியோர்டன் 2016ல் எழுதிய தி ஹிடன் ஆரக்கிள் நாவலில், ஜீயஸ் அப்பல்லோவைத் தண்டித்து, பதினாறு வயசு மனிதப் பையனாக மன்ஹாட்டன் குப்பைத்தொட்டியில் தள்ளுகிறார். முகப்பரு உண்டு, அடிபட்டால் ரத்தமும் வரும். செத்தும் போகலாம். அப்பல்லோ தண்டனையாக அட்மீட்டஸ் ராஜாவிடம் மாடு மேய்த்த பழங்கதையின் நீட்சி அது. அங்கே எனக்கு உறுத்தவில்லை. அழியக்கூடியவன் ஆக்கிய பிறகே அவனுக்கு வயசைக் கொடுத்தார்.

ஆமையோட்டுயாழ்
அண்ணே, நீங்க இப்ப சொன்னது கிரீட் தீவுக்காரங்களுக்கு முன்னாடியே தெரியும். அங்கே பாலைகாஸ்ட்ரோவுல 1904ல ஒரு கல்வெட்டு கிடைச்சது. ஜீயஸை "மாபெரும் இளைஞனே"ன்னு கூப்பிட்டு, டிக்டே மலைக்கு வா, எங்க மந்தைக்காகவும் வயலுக்காகவும் துள்ளிக் குதின்னு பாடற பாட்டு. தாடி வெச்ச ராஜா இல்லை, இளைஞன். உங்க வாதப்படி இது வேஷமும் இல்லை, கும்பிடற சாமி. 1987லிருந்து அதே ஊர்ல தோண்டி எடுத்த துண்டுகளை ஒட்டவெச்சு ஒரு சிலையும் நின்னுச்சு. அரை மீட்டர் உயரம்தான். நீர்யானைத் தந்தத்துல உடம்பு, பச்சைக்கல்லுல தலைமுடி, படிகக்கல் கண்ணு. அதுவும் இந்த இளைய ஜீயஸாத்தான் இருக்கணும்னு ஆய்வாளர் பலர் நினைக்கிறாங்க.

அதே கிரீட்லதான் ஜீயஸுக்குக் கல்லறையும் காட்டினாங்க. "கிரீட்காரன் பொய்யன், நீ சாகலை"ன்னு கிரேக்கக் கவிஞர் கல்லிமாக்கஸ் பாட்டுலயே சண்டை போடறார். ஜீயஸை இளைஞனாப் பாடின தீவுலயே அவருக்குக் கல்லறையும் இருக்கு பாருங்க.

தீக்குச்சி
இது எனக்குத் தெரியாது. ரெண்டு தடவை படித்தேன். அலமாரியில் இருந்த அந்த நாவல்களுக்கு இது மன்னிப்பாகாது. ஆனால் "பெயர் மட்டும்தான் மிஞ்சும்" என்று முதலில் எழுதினேனே, அந்த வரியை எடுத்துக்கொள்கிறேன்.

முதல்நாவல்
நாலாவது அத்தியாயத்தைத் தூக்கிட்டேன். இப்ப முதல் வரி இது:

"பல்லாஸின் இடது முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும், அது ஆறுவதற்குள் அதீனா புதிதாக ஒன்றைக் கொடுத்துவிடுவாள்."

எட்டாம்வகுப்பு அம்மா
இந்த வரி நன்றாக இருக்கிறது தம்பி. பல்லாஸ் செத்த பிறகு அவள் வீட்டில் இருப்பது அப்பா ட்ரைட்டன். அவரையும் மறந்துவிடாதே.

தீக்குச்சி
தம்பி, எழுதும் முன்னால் ஒன்றை மட்டும் உனக்குள் முடிவு பண்ணிக்கொள். கேடயம் நடுவில் வந்தபோது பல்லாஸ் நிமிர்ந்து பார்த்தாள். அதீனா பார்த்தாளா? அது அப்பாவின் கேடயம் என்று தெரிந்தும் கையை நிறுத்தவில்லையா, இல்லை தோழியின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாளா?