புதுப்பிப்பு: உண்டியல் பணத்தில் கல்யாண மண்டபம்

கோயிலில் செலவு போக மிஞ்சும் உபரி நிதியில் வாடகைக் கல்யாண மண்டபம் கட்டச் சட்டம் இடம் தருகிறதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இருந்தால் போதும்" என்றே பலர் சொன்னீர்கள்.

அது போதாது. 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஐந்து கோயில்களின் நிதியில் மண்டபம் கட்டும் அரசாணைகளை ரத்து செய்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு உபரியைச் செலவிட ஆணையரின் முன் அனுமதி கேட்கிறது. செலவும் சட்டம் சொன்ன நோக்கங்களுக்குள் இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 36-ஏ பிரிவு, உபரியைக் கொண்டு ஏழை இந்துக்களின் திருமணத்துக்கு உதவலாம் என்கிறது. அரசு இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால் ஏழைக்குக் கல்யாணம் செய்துவைப்பது வேறு, மண்டபத்தை வாடகைக்கு விடுவது வேறு. நீதிமன்றம் பார்த்ததும் அந்த வித்தியாசத்தைத்தான். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அப்புறம், நன்கொடை ரசீதைக் காட்டி வருமான வரியில் கழிவு பெறலாமா என்று கேட்டவருக்கு: நன்கொடைக்கு வரிச்சலுகை உள்ள அறக்கட்டளைக்குக்கூட 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. காசோலையாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள்.